ஆளுக்கொரு நீதியா? கிரிக்கெட்டில் நிறவெறி, ஸ்லெட்ஜிங், நாட்டுக்கு நாடு மாறும் அளவுகோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிரணி வீரர் வாய் திறந்தால் திமிர். நம் வீரர் திறந்தால் ஆவேசம். அவர்கள் பந்தைச் சுரண்டினால் மோசடி. நாம் செய்தால் நுணுக்கம். ஒவ்வொரு பெரிய தொடரின் போதும் இதே வழக்கு புதிதாகத் தொடங்குகிறது. அதில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். செய்த செயலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், செய்தவர் எந்த நாட்டுச் சட்டை அணிந்திருக்கிறார் என்று பார்க்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. பதில்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

ஸ்லெட்ஜிங் என்று எதைச் சொல்கிறோம்?

பேட்ஸ்மேனின் கவனத்தைக் கலைக்க ஃபீல்டர்களும் பந்துவீச்சாளர்களும் பேசும் பேச்சை. கேலி, சவால், மிரட்டல், பச்சை வசை எல்லாம் இந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. சிக்கலில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது. “இதே ஷாட்டை இன்னொரு முறை ஆடு, பார்க்கலாம்” என்பதும், ஒருவரின் மனைவியை இழுத்துப் பேசுவதும் ஒரே கணக்கில் எழுதப்படும்போது, முதலாவதற்குக் கிடைக்கும் சகிப்பு இரண்டாவதற்கும் கிடைத்துவிடுகிறது. முதலாவது ஆட்டத்தின் சுவை என்பதில் எனக்கு ஐயமில்லை. மௌனமாக ஆடப்படும் டெஸ்ட் போட்டியை யாரும் கேட்கவில்லை.

நிறவெறிப் பேச்சும் ஸ்லெட்ஜிங்கின் ஒரு கடுமையான வடிவம்தானே?

இல்லை. “உனக்குப் பவுன்சர் (தலையுயரத்துக்கு எகிறி வரும் பந்து) ஆட வராது” என்றால் அவர் அடுத்த பந்தை ஹூக் செய்து பதில் சொல்லலாம். தோலின் நிறத்தையோ பிறப்பையோ இழிவுபடுத்தினால் மட்டையால் சொல்லக்கூடிய பதில் எதுவும் கிடையாது. அந்த வசை அவரோடு நிற்பதும் இல்லை. அவருடைய பெற்றோரையும், கேலரியில் அமர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நிறத்துச் சிறுவர்களையும் சேர்த்தே தாக்குகிறது.

2003 ஜனவரியில் பிரிஸ்பேனில் இலங்கைக்கு எதிரான ஒருநாள் போட்டியில் ஆட்டமிழந்து திரும்பிய ஆஸ்திரேலியாவின் டேரன் லீமன், இலங்கை வீரர்களைக் குறித்து ஒரு நிறவெறி வசையை உரக்கக் கத்தினார். அது அவர்கள் காதில் விழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஐந்து ஒருநாள் போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று அவருக்காகப் பேசியவர்கள் உண்டு. கோபத்தில் கத்துவதற்கு ஆயிரம் சொற்கள் இருக்க, நிறத்தைக் குறிக்கும் சொல் ஏன் முதலில் வந்தது என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

இதை வெள்ளையர் நாடுகளின் நோய் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 2019 ஜனவரியில் டர்பனில் பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது, தென்னாப்பிரிக்காவின் ஆண்டிலே பெலுக்வாயோவை உருதுவில் “கறுப்பனே” என்று விளித்து, அவருடைய தாயையும் பேச்சில் இழுத்தார். பேட்ஸ்மேனுக்கு மொழி புரியவில்லை. ஸ்டம்ப் மைக் வழியாக உலகத்துக்கே கேட்டுவிட்டது. நான்கு போட்டித் தடை. அவரும் மன்னிப்புக் கேட்டார். திட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் திட்டினால் குற்றம் குறைந்துவிடும் என்று அப்போது வாதாடியவர்களுக்கு, அந்த மைதானத்தில் உருது அறிந்த மற்றவர்களும் இருந்தார்கள் என்பதே போதுமான பதில்.

“நாங்கள் எல்லைக்கோட்டைத் தொடுவோம், தாண்ட மாட்டோம்” என்று ஆஸ்திரேலியர்கள் சொல்வார்களே, அந்தக் கோடு எங்கே இருக்கிறது?

பேசுபவர் வரையும் இடத்தில். அதுதான் அந்த வாதத்தின் அடிப்படைக் குறை.

2003 மே மாதம் ஆன்டிகுவாவில், மேற்கிந்தியத் தீவுகள் 418 ரன் என்ற இலக்கைத் துரத்திக்கொண்டிருந்தது. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் யாரும் எட்டாத இலக்கு. ராம்நரேஷ் சர்வான் நிலைத்து ஆடிக்கொண்டிருந்தார். பொறுமை இழந்த கிளென் மெக்ரா அவரிடம் ஓர் ஆபாசமான கேள்வியை வீசினார். சர்வான் அதே தரத்தில், மெக்ராவின் மனைவியைச் சேர்த்துப் பதில் கொடுத்தார். மெக்ரா கொதித்துப்போனார், விரலை நீட்டி, முகத்துக்கு நேரே மிரட்டினார். அவருடைய மனைவி அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அந்த வலி உண்மையானது, அதைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. ஆனாலும் வரிசையைப் பாருங்கள். ஆபாசத்தைத் தொடங்கியவர் அவர். அவர் பேசியது “ஆட்டத்தின் ஒரு பகுதி”. அதே அளவில் திரும்பி வந்தது “எல்லை மீறல்”. சர்வான் சதம் அடித்தார், மேற்கிந்தியத் தீவுகள் வென்றது.

பிறர் நோவது எதனால் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேச யாராலும் முடியாது. ஆகவே குடும்பம், உடல், நிறம், மதம் ஆகியவற்றை முற்றாக விட்டுவிடுவதுதான் நேர்மையான ஒரே கோடு. அதற்கு வெளியேயும் பேசுவதற்கு ஏராளம் இருக்கிறது.

2008 சிட்னி டெஸ்ட் விவகாரத்தில் உண்மையில் என்ன நடந்தது?

இந்திய ரசிகர்கள் பாதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். முழுவதையும் சொல்கிறேன்.

அந்த டெஸ்டில் நடுவர்கள் ஸ்டீவ் பக்னரும் மார்க் பென்சனும் பெரும் தவறுகள் செய்தார்கள். ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருந்தபோது மட்டையில் பட்டு கீப்பரிடம் போன பந்துக்கு அவுட் தரப்படவில்லை; அவர் ஆட்டமிழக்காமல் 162 எடுத்தார். கடைசி நாளில் கங்குலியின் கேட்ச் சரியாகப் பிடிக்கப்பட்டதா என்று பென்சன் ஆஸ்திரேலிய கேப்டன் பான்டிங்கிடம் கேட்டு அவுட் கொடுத்தார். இந்தியா 122 ரன்னில் தோற்றது. ஓர் அணி மட்டுமே ஆட்ட உணர்வோடு ஆடியது என்று இந்திய கேப்டன் கும்ப்ளே சொன்னார்.

இடையே மூன்றாம் நாள், சச்சினும் ஹர்பஜனும் நீண்ட நேரம் ஜோடி சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது, ஹர்பஜனுக்கும் சைமண்ட்ஸுக்கும் வாய்ச்சண்டை மூண்டது. ஹர்பஜன் தன்னைக் குரங்கு என்றார் என்பது சைமண்ட்ஸின் புகார். ஒழுங்கு மீறல்களை விசாரிக்கும் ஆட்ட நடுவர் (மேட்ச் ரெஃப்ரி) மைக் புரோக்டர் ஹர்பஜனுக்கு மூன்று டெஸ்ட் தடை விதித்தார். சுற்றுப்பயணமே பாதியில் நின்றுவிடுமோ என்ற நிலை வந்தது. பக்னர் அடுத்த டெஸ்டிலிருந்து நீக்கப்பட்டார். மாதக் கடைசியில் அடிலெய்டில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன் மேல்முறையீட்டை விசாரித்தார். நிறவெறிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று கூறித் தடையை நீக்கி, வசைபேசிய குற்றத்துக்காகப் போட்டிக் கட்டணத்தில் பாதியை அபராதமாக விதித்தார். ஹர்பஜன் இந்தியில் தாயைக் குறிக்கும் வசையைப் பயன்படுத்தினார், அது வேறு மாதிரி காதில் விழுந்திருக்கலாம் என்பது இந்தியத் தரப்பின் வாதம். ஹர்பஜனின் முந்தைய ஒழுங்கு மீறல்களின் முழுப் பட்டியலை, சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி, அந்த நீதிபதியிடம் கொடுக்கத் தவறியதும் பின்னர் தெரிய வந்தது. ஓர் உலக அமைப்பு இவ்வளவு பெரிய வழக்கில் இப்படிக் கோட்டைவிட்டது மன்னிக்க முடியாதது.

என் பார்வை இது. ஆதாரம் போதாதபோது தண்டிக்கக் கூடாது. ஹேன்சனின் தீர்ப்பு சட்டப்படி சரி. ஆனால் நிரூபிக்கப்படவில்லை என்பதை, சைமண்ட்ஸ் பொய் சொன்னார் என்று நாமாகவே மாற்றி எழுதிக்கொண்டோம். கரீபிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர், வெள்ளையர் நிறைந்த அணியில் ஆடிக்கொண்டு, தன் நிறத்தைப் பற்றிப் புகார் சொல்வது எளிதான காரியமா? அந்த நிகழ்வுதான் தன் சரிவின் தொடக்கம் என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 2011-இல் அவரும் ஹர்பஜனும் ஒரே ஐபிஎல் அணியில் ஆடினார்கள், சமாதானமும் ஆனார்கள். 2022 மே மாதம் கார் விபத்தில் சைமண்ட்ஸ் இறந்தார்.

ஆனால் அந்தப் பிரச்சினையைத் தொடங்கியது ஆஸ்திரேலியர்கள்தானே?

சிட்னிக்கு மூன்று மாதம் முன்பு, 2007 அக்டோபரில், வதோதராவில் சைமண்ட்ஸ் எல்லைக்கோட்டருகே நின்றபோது கூட்டத்திலிருந்து குரங்குச் சத்தம் எழுந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் முதலில் இங்கே பதில் வந்தது. ஒரு வாரத்துக்குள் மும்பை வான்கடே மைதானத்தில் அதே சத்தம். இம்முறை கேமராக்கள் முகங்களைப் பிடித்தன. குரங்குபோல் சைகை காட்டிய பார்வையாளர்களின் படங்கள் வெளியாயின. சிலர் மீது காவல்துறை நடவடிக்கை எடுத்தது. சிட்னியில் அந்தச் சொல் பேசப்பட்டதா என்பது வாதத்துக்குரியது. வான்கடேயில் நடந்தது வாதத்துக்குரியதே அல்ல. படங்கள் இருக்கின்றன.

முரளிதரன் விவகாரம் நிறவெறியா, விதியா?

தமிழ் வாசகர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பதில் சற்று நீளமாகும்.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். சுமார் 55,000 பேர் அமர்ந்திருந்த மைதானத்தில் ஆஸ்திரேலிய நடுவர் டேரல் ஹேர், முரளிதரன் முழங்கையை மடக்கி நீட்டிப் பந்தை எறிகிறார், அது விதிமீறல் என்று மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். பந்தை எறிகிறாரா என்பதைப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நிற்கும் நடுவர் பார்ப்பதே வழக்கம். ஹேர் பந்துவீச்சாளர் முனையில் நின்றுகொண்டே தீர்ப்பளித்தார். கேப்டன் அர்ஜுன ரணதுங்கா முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் நோ-பால் கொடுக்கவில்லை. சில நாட்களில் பிரிஸ்பேன் ஒருநாள் போட்டியில் ராஸ் எமர்சன் அதையே தொடர்ந்தார். முரளி லெக் ஸ்பின் வீசிக் காட்டியும் நோ-பால்தான். 1999-இல் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் கை நீட்டியபோது, ரணதுங்கா அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார். எந்த நடுவர் எங்கே நிற்க வேண்டும் என்று கேப்டன் வாதாடுவதை அன்று உலகம் பார்த்தது. ஒழுங்கு மீறல்தான். ஆனாலும் தன் வீரர் ஒருவருக்காக ஒரு கேப்டன் அப்படி நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. அறிவியல் சோதனைகளுக்குத் திரும்பத் திரும்பத் தன்னை உட்படுத்திக்கொண்டார். 2004-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே அவரை எறிபவர் என்று பொதுவெளியில் சொன்னார். ஒரு நாட்டின் பிரதமர் இன்னொரு நாட்டின் பந்துவீச்சாளரைப் பற்றி! அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முரளி போகவில்லை.

பிறகு நடந்ததுதான் முக்கியம். அதிவேகக் கேமராக்களைக் கொண்டு ஐசிசி எல்லாரையும் அளந்தபோது, பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கை ஓரளவு நீள்கிறது என்பது தெரிந்தது. யாரும் சந்தேகிக்காத, பாடநூல் போன்ற பாணி கொண்ட வேகப்பந்து வீச்சாளர்களும் அதில் அடக்கம். அதுவரை சுழற்பந்துக்கு 5 டிகிரி, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 என்று வேறுவேறு வரம்பு இருந்தது. 2005-இல் எல்லாருக்கும் 15 டிகிரி என்றானது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள், பழைய விதியைக் கறாராகப் பிடித்திருந்தால் தங்கள் நாயகர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்பதைச் சொல்வதில்லை.

ஹேர் நிறவெறியரா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. அப்படிச் சொல்லவும் மாட்டேன். கண்ணுக்குப் பழகாத கையை உடனே சந்தேகிப்பதும், பழகிய கையை அளந்துகூடப் பார்க்காமல் நம்புவதும்தான் நடந்தது. 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த கண்டித் தமிழர் அந்தச் சந்தேகத்தைத் தன் ஆட்ட வாழ்வு முழுவதும் சுமந்தார்.

பந்தைச் சேதப்படுத்துவதில் இரட்டை அளவுகோல் இருந்ததா?

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1992-இல் இங்கிலாந்தில் வாசிம் அக்ரமும் வக்கார் யூனிஸும் பழைய பந்தை ரிவர்ஸ் ஸ்விங் செய்து, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளையவைத்து, விக்கெட்டுகளைச் சாய்த்தபோது, அங்குள்ள பத்திரிகைகள் மோசடி என்று எழுதின. 2005-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் தொடரில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர்கள் அதையே செய்தபோது அது கலை ஆயிற்று. அந்த நாட்களில் மின்ட் மிட்டாய் சுவைத்த உமிழ்நீரால் பந்தைப் பளபளப்பாக வைத்திருந்ததை அந்த அணியின் மார்கஸ் டிரெஸ்கோதிக்கே பின்னர் ஒப்புக்கொண்டார். 1994-இல் லார்ட்ஸில் சட்டைப்பையில் மண் வைத்திருந்த இங்கிலாந்து கேப்டன் மைக் ஆதர்டன், தன் வாரியத்திடம் 2,000 பவுண்டு அபராதம் கட்டிவிட்டுக் கேப்டனாகவே தொடர்ந்தார்.

மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் கேப் டவுனில் உப்புத்தாள் கொண்டு பந்தைத் தேய்த்த விவகாரத்தில் ஐசிசி ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்மித்துக்கு ஒரு டெஸ்ட் தடைதான் விதித்தது. ஆஸ்திரேலிய வாரியமோ ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டு, பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம் என்று தடை விதித்தது. சொந்த வீரர்களிடம் இவ்வளவு கறாராக நடந்துகொள்ள வேறு எந்த வாரியம் முன்வந்திருக்கிறது?

நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவை கிரிக்கெட் உலகம் உடனே ஒதுக்கியதா?

வெகு காலம் ஒதுக்கவில்லை. 1970 வரை தென்னாப்பிரிக்கா இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றோடு மட்டுமே டெஸ்ட் ஆடியது. இந்தியாவும் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் டெஸ்ட் தகுதி பெற்ற பின்னரும் அவற்றோடு ஆடவில்லை. மற்ற மூன்று நாடுகளுக்கும் அது உறுத்தவில்லை. 1968-இல் கேப் டவுனில் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடிய, வெள்ளையர் அல்லாத பேசில் டி ஒலிவேரா ஓவலில் 158 ரன் அடித்தார்; ஆயினும் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கான அணியில் முதலில் அவர் பெயர் இல்லை. இன்னொருவர் காயத்தால் விலகியபோது அவர் சேர்க்கப்பட, தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் அந்த அணியை ஏற்க மறுத்தார். பயணம் ரத்தானது. அதன் பிறகுதான் உலகம் விழித்தது.

எண்பதுகளில் தடையை மீறிப் பணத்துக்காக அங்கே போன அணிகளின் கதை இன்னும் கூர்மையானது. 1982-இல் கிரஹாம் கூச் தலைமையில் போன ஆங்கிலேயர்களுக்கு மூன்று ஆண்டுத் தடை. அதே ஆண்டு பந்துல வர்ணபுர தலைமையில் போன இலங்கையர்களுக்கு 25 ஆண்டு. 1983-இல் லாரன்ஸ் ரோவுடன் போன மேற்கிந்திய வீரர்களுக்கு வாழ்நாள் தடை. 1989-இல்தான் அது நீக்கப்பட்டது. கூச் திரும்பி வந்து இங்கிலாந்தின் கேப்டனானார். ஜான் எம்புரி இரண்டு முறை போய், இரண்டு முறை தடை பெற்று, மீண்டும் இங்கிலாந்துக்கு ஆடினார். இலங்கையின் முதல் டெஸ்ட் கேப்டனான வர்ணபுர அதன் பிறகு ஒரு டெஸ்டும் ஆடவில்லை. தண்டனை கொடுத்தவை அவரவர் வாரியங்கள்தாம். நிறவெறியால் காயம்பட்ட நாடுகள் கடுமையாக நடந்துகொண்டன, காயம்படாத நாடு சுலபமாக மன்னித்தது.

அங்கே போன மேற்கிந்தியர்களுக்கு “கௌரவ வெள்ளையர்” என்ற தகுதி வழங்கப்பட்டது. அப்படியிருந்தும் வேகப்பந்து வீச்சாளர் காலின் கிராஃப்ட், வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் உட்கார்ந்ததற்காக வெளியேற்றப்பட்டார்.

ஆட்சி மாறிய பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின ஆப்பிரிக்க டெஸ்ட் வீரரான மக்காயா என்டினி 2020-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அணி பஸ்ஸில் தன் பக்கத்தில் யாரும் வந்து உட்காரமாட்டார்கள் என்பதால், பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு ஓட்டலிலிருந்து மைதானத்துக்கு ஓடியே போனாராம். திரும்பும்போதும் ஓட்டம்தான். உடற்பயிற்சி என்றே பிறர் நினைத்தார்கள். 390 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் அவர்.

விதிகளே சில நாடுகளைக் குறிவைத்து மாற்றப்பட்டதுண்டா?

1974-75-இல் ஆஸ்திரேலியாவின் லில்லியும் தாம்சனும் பவுன்சர் மழை பொழிந்தபோது விதி அப்படியே இருந்தது. மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர்கள் பதினைந்து ஆண்டு உலகை ஆண்ட பிறகு, 1991-இல் ஒரு பேட்ஸ்மேனுக்கு ஓவருக்கு ஒரு பவுன்சர் என்று கட்டுப்பாடு வந்தது. பாதுகாப்பு, ஓவர்கள் வீசி முடிக்கும் வேகம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. கரீபியத் தீவுகளில் அதை யாரும் அப்படிப் படிக்கவில்லை. 1993 வரை ஐசிசி-யில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வீட்டோ அதிகாரம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

“ஆட்ட உணர்வு” என்று சொல்கிறார்களே, அது எப்போது நினைவுக்கு வருகிறது?

தனக்கு இழப்பு நேரும்போது. 2022 செப்டம்பர் 24, லார்ட்ஸ். பந்து வீசும் முன்பே கிரீஸை (பேட்ஸ்மேன் நிற்க வேண்டிய கோட்டை) விட்டு நகர்ந்த இங்கிலாந்தின் சார்லி டீனை இந்தியாவின் தீப்தி சர்மா ரன் அவுட் செய்தார். இந்தியா வென்றது. விதிப்படி முழுக்கச் சரி. அந்த முறையை முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பிரிவில் வைக்கப்போவதாக, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்சிசி முன்பே அறிவித்திருந்தது. ஆனாலும் இங்கிலாந்தில் பெரும் கூக்குரல். நம் அஸ்வின் 2019-இல் ஜோஸ் பட்லரை அப்படி அவுட்டாக்கியபோதும் இதே கதைதான். பேட்ஸ்மேன் திருட்டுத்தனமாக ஓர் அடி முன்னே போவதில் உணர்வு குறையவில்லை, பந்துவீச்சாளர் அதைப் பிடிப்பதில் குறைந்துவிடுகிறதா? இதில் அஸ்வின் பக்கம்தான் நான், தயக்கமே இல்லை.

அடுத்த ஆண்டு அதே லார்ட்ஸில், பந்து முடிந்துவிட்டதாக நினைத்துக் கிரீஸை விட்டு வந்த இங்கிலாந்தின் பேர்ஸ்டோவை ஆஸ்திரேலிய கீப்பர் அலெக்ஸ் கேரி ஸ்டம்ப் செய்தார். விதிப்படி அவுட். மதிய உணவுக்குத் திரும்பிய ஆஸ்திரேலியர்களை லாங் ரூமில் எம்சிசி உறுப்பினர்களே திட்டினார்கள். உஸ்மான் கவாஜாவும் வார்னரும் நின்று வாதாட வேண்டியதாயிற்று. மூன்று உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கனவான்களின் ஆட்டம் என்பதன் தலைமையகத்தில் நடந்தது இது.

இப்போது அதிகாரம் இந்தியாவிடம் இருக்கிறதே, நிலைமை மாறியதா?

அளவுகோலைப் பிடித்திருக்கும் கை மாறியது. 2001-இல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் ஆட்ட நடுவர் மைக் டென்னிஸ், அளவுமீறி முறையிட்டார்கள் என்பது போன்ற காரணங்களுக்காகச் சச்சின் உட்பட ஆறு இந்திய வீரர்களைத் தண்டித்தார். அதே ஆட்டத்தில் அப்படியே முறையிட்ட தென்னாப்பிரிக்கர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை. நம் கோபம் நியாயமானது. ஆனால் டென்னிஸை மைதானத்துக்குள் விடாமல் அடுத்த டெஸ்டை நடத்தி, அது அதிகாரபூர்வமற்ற ஆட்டமாகிப்போன விதத்தில், பணம் பேசினால் விதி வளையும் என்பதையும் இந்திய, தென்னாப்பிரிக்க வாரியங்கள் இரண்டும் காட்டிவிட்டன.

2024 முதல் 2027 வரையிலான ஐசிசி வருவாயில் சுமார் 38.5 சதவீதம் இந்தியாவுக்கு. இரண்டாம் இடத்திலுள்ள இங்கிலாந்துக்கு ஏழு சதவீதம்கூட இல்லை. 2024 டி20 உலகக் கோப்பையில், இந்தியா அரையிறுதிக்கு வந்தால் கயானாவில்தான் ஆடும் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. வேறு எந்த அணிக்கும் அந்த வசதி கிடையாது. இதையே 1985-இல் இங்கிலாந்து செய்திருந்தால் நாம் என்ன பெயர் வைத்திருப்போமோ, அந்தப் பெயரை இப்போதும் வைக்க வேண்டும்.

இந்திய கிரிக்கெட்டுக்குள் நிறபேதம் இருக்கிறதா?

இருக்கிறது. அதை முதலில் சொன்னவர்களில் நம் ஊர்க்காரர்களே உண்டு. எண்பதுகளில் இந்தியாவுக்கு ஆடிய லெக் ஸ்பின்னர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுவதும் நிறத்துக்காக ஒதுக்கப்பட்டதாகவும், அது சொந்த நாட்டிலேயே நடந்ததாகவும் 2021-இல் எழுதினார். தமிழ்நாட்டின் தொடக்க ஆட்டக்காரர் அபினவ் முகுந்த் 2017-இல், சிறு வயதிலிருந்து வெயிலில் ஆடிக் கறுத்த தோலுக்காகத் தான் கேட்ட பேச்சுகளைப் பற்றி வெளிப்படையாக அறிக்கை விட்டார். இரண்டையும் ஊடகங்கள் ஒரு நாள் பேசிவிட்டு மறந்தன. சிட்னிக்காக நாம் கொதித்த கொதிப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட இவர்களுக்காகக் கொதிக்கவில்லை.

மேற்கிந்திய அணிக்கு இரண்டு டி20 உலகக் கோப்பைகளை வென்றுதந்த டேரன் சமி, ஐபிஎல் ஆடிய நாட்களில் தன்னைக் “காலு” என்று அழைத்ததன் பொருள் கறுப்பன் என்பதை 2020-இல்தான் அறிந்தார். அன்பாகக் கூப்பிட்டது என்று விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தை அவர் பெருந்தன்மையோடு ஏற்றும் கொண்டார். அவருக்குத் தெரியாத மொழியில், அவருடைய சம்மதம் கேட்காமல் வைத்த பெயர் அது என்பது மட்டும் மாறாது.

சாதியையும் விட்டுவிட முடியாது. 1911-இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு தலித். பூனாவில் ஆடிய காலத்தில் அணியினர் அவருக்குத் தேநீரைத் தனிக் குவளையில், வெளியே வைத்துத்தான் கொடுத்தார்கள். அவருக்குக் கேப்டன் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை.

2021 அக்டோபர் 24, துபாய். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்தில் இந்திய அணி நிறவெறிக்கு எதிராக மண்டியிட்டது. பத்து விக்கெட்டில் தோற்ற அன்றிரவே முகமது ஷமியை அவருடைய மதத்துக்காக நம் ரசிகர்கள் சமூக ஊடகங்களில் வசைபாடினார்கள். கேப்டன் கோலி அதைக் கடுமையாகக் கண்டித்தார். அவரும் வசைக்கு ஆளானார்.

“சும்மா நண்பர்களுக்குள் கேலி” என்று சொன்னால் ஏற்கலாமா?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கவுண்டி அணியில் அசீம் ரஃபீக்கை பாகிஸ்தானியரை இழிவுபடுத்தும் சொல்லால் அழைத்ததை, கிளப் அமைத்த விசாரணையே நட்பான கேலி என்று எழுதிவைத்தது. 2021 நவம்பரில் அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் கண்கலங்கச் சாட்சி சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. 2023-இல் கிளப்புக்கு 4 லட்சம் பவுண்டு அபராதமும் புள்ளிக் குறைப்பும் விதிக்கப்பட்டன. அதே ரஃபீக் 2011-இல் யூதர்களை இழிவுபடுத்தி அனுப்பிய செய்திகள் வெளியானபோது, மழுப்பாமல் மன்னிப்புக் கேட்டார். அவர் மாசற்றவராக இருந்தால்தான் அவருடைய புகாரைக் கேட்போம் என்பது, புகாரைக் கேட்காமலிருக்க இன்னொரு வழி.

வீரர்கள் அரசியல் பேசக் கூடாது என்ற ஐசிசி விதி எல்லாருக்கும் ஒன்றுதானா?

மண்டியிடுவதற்கு அனுமதி உண்டு. 2023 டிசம்பரில் “எல்லா உயிரும் சமம்” என்று காலணியில் எழுதிய ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜாவுக்கு அனுமதி இல்லை. கறுப்புப் பட்டி அணிந்ததற்குக் கண்டிப்பு. மட்டையில் புறா ஒட்டுவதற்கும் மறுப்பு. சக வீரர்கள் மட்டையில் சமயச் சின்னங்கள் வைத்திருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். எனக்குத் தெரிந்தவரை அதற்கு நேரான பதில் வரவில்லை.

மைதானத்தில் பார்வையாளர் ஒருவர் நிறவெறி வசை பேசுவதைக் கேட்டால் என்ன செய்வது?

உடனே அருகிலுள்ள பாதுகாப்பு ஊழியரிடம் சொல்லுங்கள். ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2021 ஜனவரியில் சிட்னியில் சிராஜும் பும்ராவும் கூட்டத்தின் வசை குறித்துப் புகார் செய்தார்கள். மறுநாளும் அது தொடர, சிராஜ் நேரே நடுவரிடம் நடந்து வந்தார், ஆட்டம் நின்றது, ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். வீரர்கள் நிறவெறி வசைக்கு ஆளானது உண்மை என்று ஆஸ்திரேலிய வாரியம் பின்னர் உறுதி செய்தது. ஆனால் வெளியேற்றப்பட்ட ஆறு பேரும் அதைச் செய்தவர்கள் அல்லர் என்றும் சொன்னது. செய்தவர்கள் தப்பிவிட்டார்கள்.

அதனால் இருக்கை எண், வரிசை, நேரம், சொன்ன சொல் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் பதிவு செய்தால் பேசுபவரின் முகமும் குரலும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். 2022 ஜூலையில் எட்ஜ்பாஸ்டனில் இந்திய ரசிகர்கள் தாங்கள் வசைக்கு ஆளானதை அன்றே வெளிப்படுத்தியதால் விசாரணை நடந்து, ஒருவர் கைதானார். வசைக்கு ஆளானவர் உங்கள் பக்கத்தில் இருப்பவர் என்றால், ஊழியரைத் தேடிப் போவதற்கு முன் அவரிடம், நானும் கேட்டேன், சாட்சி சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.